இரண்டு பச்சைக் கம்பிகள்



நம் ஆலய அலுவலகத்தின் பழைய கம்ப்யூட்டர் கடந்த கோடையில், மின்சாரம் போய்த் திரும்பிய ஒரு பிற்பகலில் நின்றுபோனது உங்களில் பலருக்குத் தெரியும். அந்த வார அறிவிப்புத் தாள் என் கையெழுத்தில் வந்ததைக் கண்டு சிலர் கேலியும் செய்தீர்கள். அதன் பின்பு நடந்தவற்றை இந்த வாரம் எழுதுகிறேன். இதில் என் மதியீனம் ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் வரும். அவற்றுள் ஒன்று உங்கள் வீடுகளையும் தொடக்கூடியது என்பதால் மறைக்க மனமில்லை.

நின்றுபோனதைத் திறந்து பார்த்தவர் நம் வாலிபர் ஐக்கியத்தைச் சேர்ந்த ஒரு தம்பி. பாலிடெக்னிக்கில் இறுதியாண்டு படிக்கிறவர். எல்லாப் பாகங்களுக்கும் மின்சாரம் பிரித்துக் கொடுக்கும் அந்த இரும்புப் பெட்டியை, நாம் எஸ்.எம்.பி.எஸ். என்கிறோமே, அதை முதலில் வெளியே எடுத்தார். அதன் பெரிய கனெக்டரில் பச்சைக் கம்பி வரும் துளையையும் அதை அடுத்த கறுப்புக் கம்பியின் துளையையும் ஒரு பேப்பர் கிளிப்பை வளைத்து இணைத்தார். விசிறி சுழலவில்லை. "உசிர் போயிருச்சுங்கய்யா" என்றார். கம்ப்யூட்டரின் முகப்பில் உள்ள பொத்தானை நாம் அழுத்தும்போது நடப்பதும் இதுவேயாம். பச்சைக் கம்பி கறுப்போடு சேர்ந்ததும் பெட்டி விழித்துக்கொள்ள வேண்டும். அன்று விழிக்கவில்லை.

புதிதாக ஒன்றை வாங்கிவிடலாம் என்பது கமிட்டியின் எண்ணம். தம்பியோ, "பாகங்களை வாங்கி நாமளே சேர்த்துடலாங்கய்யா. அதே பணத்துக்கு உறுதியா அமையும்" என்றார். ஐம்பதைக் கடந்தவன் நான். ஸ்குரூ டிரைவரை மின்விசிறி ரெகுலேட்டர் மாற்றுவதற்கு மேல் எதற்கும் பிடித்தவனல்லன். ஆயினும் ஆசை வந்துவிட்டது. ஒரு கூட்டத்துக்காகச் சென்னை சென்றிருந்தபோது அண்ணா சாலையை அடுத்த ரிச்சி தெருவுக்குப் போனேன். நம் டவுன்ஹால் ரோட்டின் நெரிசலை இன்னும் குறுகலான ஒரு தெருவுக்குள் அடைத்து, அதன் இருபுறமும் மின்னணுப் பொருட்களை மட்டும் குவித்தால் எப்படியிருக்குமோ அப்படி ஓர் இடம். ஒரு கடைக்காரர் கேபினட் வாங்கினால் எஸ்.எம்.பி.எஸ். இனாம் என்றார். கைப்பேசியில் தம்பியைக் கேட்டேன். "ஐயா, கேபினட்டோட இனாமா வர்றது வேண்டவே வேண்டாம். மத்த எல்லாத்துலயும் மிச்சம் பிடிங்க, இதுல மட்டும் பிடிக்காதீங்க" என்று பதறினார். ஆகவே 550 வாட் திறனுள்ள, 80 பிளஸ் பிரான்ஸ் முத்திரை பெற்ற ஒன்றைத் தனியே வாங்கினேன். பாதிச் சுமையில் இயங்கும்போது உள்ளே வாங்கும் மின்சாரத்தில் நூற்றுக்கு 85 பங்கையாவது பயனுள்ளதாக வெளியே தர வேண்டும் என்பது அந்த முத்திரையின் பொருள். மீதம் வெப்பமாகப் போகிறது.

ஒரு சனிக்கிழமை, குருமனையின் சாப்பாட்டு மேசையில் வேலையைத் தொடங்கினோம். என் மனைவி அன்றைய மதிய உணவைத் திண்ணையில் பரிமாறியதை இன்றளவும் நினைவூட்டுகிறார்.

தொடங்குமுன் தம்பி எனக்கு ஓர் ஒழுங்கைக் கற்றுத்தந்தார். நம் உடம்பில் தேங்கும் நிலைமின்சாரம் சிப்புகளைக் கெடுத்துவிடக்கூடும். எனவே எஸ்.எம்.பி.எஸ்.ஸைக் கேபினட்டில் பொருத்தி, அதன் பவர் கார்டைச் சுவர் சாக்கெட்டில் செருகி, சுவிட்சைப் போடாமல் விட்டுவைக்க வேண்டும். எர்த் துளைக்குச் சுவிட்ச் கிடையாது. அது எப்போதும் இணைந்தே இருக்கும். ஒவ்வொரு பாகத்தையும் எடுக்குமுன் கேபினட்டில் பெயின்ட் படாத இடம் ஒன்றைத் தொட்டால் உடம்பில் உள்ளது மண்ணுக்குப் போய்விடும். அன்று பகல் முழுவதும் நாங்கள் இருவரும் அந்த இரும்பைத் தொட்டுத் தொட்டு வேலை செய்தோம். பிற்பாடு அதை நினைத்து வெட்கப்படக் காரணம் வந்தது, அதற்கு வருகிறேன்.

பிராசஸரையும் ராமையும் பொருத்துவதே பெரிய காரியம் என்று நான் எண்ணியிருந்தேன். அவை கால்மணி நேரத்தில் முடிந்தன. கேபிள்களில்தான் பகல் கழிந்தது. அவற்றுள் பெரியதற்கு இருபத்துநான்கு துளைகள், இரண்டு வரிசைகளில். பழைய பெட்டியில் அந்தக் கம்பிகளுக்கு நிறங்கள் இருந்தன: மஞ்சளில் 12 வோல்ட், சிவப்பில் 5, ஆரஞ்சில் 3.3. கறுப்பு எல்லாம் திரும்பிச் செல்லும் பாதை. ஊதா நிறத்தில் 5 வோல்ட் எப்போதும் வந்துகொண்டேயிருக்கும். கம்ப்யூட்டரை நிறுத்திவிட்டோம் என்று நாம் நினைக்கும்போதும் அது உறங்குவதில்லை. புதிய பெட்டியிலோ எல்லாக் கம்பிகளும் கறுப்பு. அழகுக்காக என்கிறார்கள். எனக்குப் பழைய வண்ணங்களே பிடித்தன.

அரசரடியில் தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் நான் படித்த நாட்களில், சிம்மக்கல் பக்கம் ஒரு டி.டி.பி. நிலையத்துக்கு அவ்வப்போது போவதுண்டு. அங்கே கம்ப்யூட்டரைத் திறந்து வைத்திருந்த ஒருவர் மதர்போர்டுக்குப் போகும் இரண்டு கனெக்டர்களைக் காட்டினார். தலைக்கு ஆறு துளைகள். தோற்றத்தில் இரட்டைப் பிள்ளைகள். ஒன்றின் இடத்தில் மற்றொன்றைத் தவறிச் செருகிவிட முடியும். "கறுப்பும் கறுப்பும் பக்கத்துல பக்கத்துல வரணும் தம்பி. மாறுச்சுன்னா போர்டு போச்சு" என்று அவர் சொன்னது இத்தனை ஆண்டுக்குப் பின்பும் காதில் இருக்கிறது. 1995-இல் இன்டெல் நிறுவனம் ஏ.டி.எக்ஸ். என்ற அமைப்பை வெளியிட்டபோது அந்த இரட்டையர் போய், ஒரே கனெக்டர் வந்தது. அதன் துளைகள் சில சதுரம், சில முனை மழுங்கியவை. திருப்பிப் பிடித்தால் ஏறாது. முதலில் இருபது துளைகளாக இருந்தது, 2003-இல் வந்த திருத்தத்தில் இருபத்துநான்கானது. மனிதன் தவறு செய்வான் என்பதை முன்கூட்டியே ஏற்றுக்கொண்டு ஒரு பிளாஸ்டிக் துண்டைச் செதுக்கியவர் யாரோ, அவர்மீது எனக்கு மரியாதை உண்டு.

அந்தக் கனெக்டரை அழுத்தும்போது மதர்போர்டு வளைந்தது. பயந்து கையை எடுத்தேன். "கொக்கி விழுற சத்தம் கேக்கணுங்கய்யா, அதுவரைக்கும் அழுத்துங்க" என்றார் தம்பி. அழுத்தினேன், சத்தம் கேட்டது. மாலை ஐந்து மணிக்குப் பொத்தானைத் தட்டினோம். விசிறிகள் சுழன்றன, விளக்குகள் எரிந்தன, நான் கைதட்டினேன். திரையில் ஒன்றும் வரவில்லை.

பத்து நிமிடத் தேடலில் காரணம் கிடைத்தது. பிராசஸருக்கென்று தனியே ஒரு கேபிள் உண்டு. எட்டுத் துளைகள், நான்கும் நான்குமாகப் பிரியும். மதர்போர்டின் மேல் இடது மூலையில், காற்றாடிக்குப் பின்னால், விரல் நுழையாத சந்தில் அதற்குரிய இடம். பெரிய கேபிளைச் செருகியாயிற்று, இனி எல்லாவற்றுக்கும் அதுவே போதும் என்று நான் விட்டுவிட்டேன். பெரியதிலிருந்து மற்ற உறுப்புகளுக்கு மின்சாரம் போயிற்று. சிந்திக்க வேண்டிய உறுப்புக்கு மட்டும் போகவில்லை.

அவசரத்தில், சுவிட்சை அணைத்துவிட்டு, கைக்கு அகப்பட்ட எட்டுத்துளைக் கேபிளை அந்தச் சந்தில் திணித்தேன். ஏறவில்லை. இன்னும் அழுத்தினேன். தம்பி என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார். அது கிராபிக்ஸ் கார்டுக்குரியது. ஆறும் இரண்டுமாகப் பிரிவது. பிராசஸர் கேபிளில் நான்கு கம்பிகள் 12 வோல்ட், நான்கு கறுப்பு. கிராபிக்ஸ் கேபிளில் மூன்றே 12 வோல்ட், ஐந்து கறுப்பு. அவை இருக்கும் வரிசையும் எதிர்ப்புறம். ஏறியிருந்தால் 12 வோல்ட் நேரே கறுப்பில் போய் விழுந்திருக்கும். துளைகளின் வடிவம் வேறாக இருந்தபடியால் ஏறவில்லை. என் கைப்பலம் இன்னும் கொஞ்சம் கூடுதலாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று சொல்ல முடியாது.

சரியான கேபிள் சேர்ந்ததும் திரை விழித்தது. அன்றைக்கு அத்துடன் நிறுத்தியிருக்கலாம். ஆனால் பழைய ஹார்டு டிஸ்க்கையும் இணைத்துப் பார்த்துவிட வேண்டும் என்ற ஆவல். நம் ஆலயத்தின் ஞானஸ்நான, திருமண, அடக்கப் பதிவேடுகளை வாலிபர்கள் பக்கம் பக்கமாகப் படமெடுத்து வைத்தது அதில்தான் இருக்கிறது. மூலப் பதிவேடுகளில் இரண்டைக் கரையான் அரித்துவிட்டது என்பது உங்களுக்குத் தெரியும். அந்த இரண்டுக்கும் இந்தப் படங்களைத் தவிர வேறு பிரதி கிடையாது. வேறொரு பிரதி எடுத்து வைக்காதது என் தவறு.

புதிய பெட்டியோடு வந்த சாட்டா கேபிள் டிஸ்க் இருக்கும் இடம்வரை எட்டவில்லை. சிங்கப்பூரில் வேலைபார்த்துத் திரும்பிய நம் சபையார் ஒருவர் கொடுத்திருந்த உதிரிப் பொருட்களில் நீளமான ஒன்று கிடந்தது. எடுத்துச் செருகினேன். டிஸ்க் பக்கம் ஏறியது. எஸ்.எம்.பி.எஸ். பக்கமும் தடையில்லாமல் ஏறியது. கொக்கிச் சத்தமும் கேட்டது. நான் சுவிட்சை நோக்கிக் கை நீட்டியபோது தம்பி, "ஐயா, அந்த வயர் எந்தக் கம்பெனியோடது?" என்று கேட்டார்.

இதை நான் அறிந்திருக்கவில்லை. உங்களில் கம்ப்யூட்டர் சேர்க்கும் பிள்ளைகள் இருந்தால் அவர்களிடம் தவறாமல் சொல்லுங்கள். கழற்றி மாட்டும் கேபிள்களில், பாகத்தைத் தொடும் முனைக்குத்தான் உலகப் பொது ஒழுங்கு உண்டு. எஸ்.எம்.பி.எஸ். பெட்டியைத் தொடும் முனைக்கு இல்லை. ஒரு நிறுவனம் 12 வோல்ட்டை வைக்கும் துளையில் மற்றொரு நிறுவனம் 5 வோல்ட்டை வைத்திருக்கலாம். சில சமயம் ஒரே நிறுவனத்தின் இரண்டு மாடல்களுக்கிடையிலும் வேறுபாடு இருக்கும். பிளாஸ்டிக் பொருந்திவிடும், உள்ளே போகும் மின்சாரம் வேறாக இருக்கும். 5 வோல்ட்டுக்குரிய இடத்தில் 12 வந்தால் டிஸ்க் நொடியில் கருகும். கிராபிக்ஸ் கேபிள் ஏறாமல் என்னைக் காத்தது. இது ஏறி என்னை ஏமாற்றியது. நான் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். அந்த டிஸ்க்கை அன்று இணைக்கவில்லை. உரிய நிறுவனத்தின் கேபிளை வரவழைத்து, முதல் வேலையாக இரண்டு பிரதிகள் எடுத்தோம். ஒன்று இப்போது நம் செயலாளர் வீட்டு அலமாரியில் இருக்கிறது.

கதை இத்துடன் முடிந்திருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன்.

புதிய கம்ப்யூட்டர் அலுவலகத்தில் ஏறிய வாரம், தம்பி வெறுங்காலுடன் நின்று அதன் பின்பக்கத்தைத் தொட்டவர் கையை இழுத்துக்கொண்டார். "ஜிவ்வுனு இழுக்குதுங்கய்யா" என்றார். "ஒன்றுமில்லை தம்பி, செருப்பைப் போட்டுக்கொள்" என்றேன். சொன்ன வாய் மூடுமுன் எனக்கு ஒரு முகம் நினைவுக்கு வந்தது. மேலூர் பக்கத்துக் கிராமத்தில் தனித்திருக்கும் நம் சபைத் தாயார் ஒருவர், இரண்டு ஆண்டுகளுக்கு முன் நான் வீடு சந்திக்கப் போனபோது, மாவாட்டும் கிரைண்டர் "பிடிக்குது" என்று சொன்னார். நான் இதே வார்த்தைகளைச் சொன்னேன். பலகை போட்டு நின்றுகொள்ளுங்கள் என்றும் சேர்த்துச் சொன்னேன். ஜெபித்துவிட்டு, அவர் தந்த காப்பியைக் குடித்துவிட்டு, வந்துவிட்டேன்.

மறுநாள் ஒரு எலக்ட்ரீசியனை அழைத்தேன். அவர் டெஸ்டரைக் கேபினட்டில் வைத்தார், மங்கலாக எரிந்தது. மீட்டரை எடுத்து நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே பார்த்தார். இரண்டு மூன்று வோல்ட்டுக்கு மேல் இருக்கக் கூடாத இடத்தில் நூற்றுப்பத்து காட்டியது. எஸ்.எம்.பி.எஸ்.ஸின் வாசலில், மின்னிரைச்சலை வடிகட்டுவதற்காக இரண்டு சிறு மின்தேக்கிகள் வைத்திருப்பார்களாம். ஒன்று ஃபேஸிலிருந்து இரும்புக் கூட்டுக்கு, மற்றொன்று நியூட்ரலிலிருந்து கூட்டுக்கு. எர்த் இருந்தால் அங்கே கசிவது மண்ணுக்குப் போய்விடும். எர்த் இல்லையென்றால் கூடு இரண்டுக்கும் நடுவே, 230-இல் ஏறக்குறையப் பாதியில், தொங்கிக்கொண்டிருக்கும். அந்த மின்னோட்டம் மிகச் சிறியது. கூச்சம் தருமேயன்றிச் சாதாரணமாக ஆளைக் கொல்லாது. "ஆனா இது ஒரு தாக்கல்ங்கய்யா. எர்த் இல்லைன்னு கம்ப்யூட்டர் உங்ககிட்ட சொல்லுது" என்றார்.

நம் வீட்டு ப்ளக்கில் மூன்று கால்கள் உண்டல்லவா? ஃபேஸ் கொண்டுவருகிறது, நியூட்ரல் கொண்டுபோகிறது. மூன்றாவது, பச்சைக் கம்பி சேரும் கால், எல்லாம் ஒழுங்காக இருக்கும் நாட்களில் சுமை எதையும் சுமப்பதில்லை. அதுவே மற்ற இரண்டையும்விட நீளமும் தடிமனுமாக இருக்கிறது. செருகும்போது முதலில் அது சேர வேண்டும். பிடுங்கும்போது கடைசியாக அது பிரிய வேண்டும். உள்ளே ஒரு கம்பியின் உறை பழுதுபட்டு ஃபேஸ் இரும்புக் கூட்டைத் தொட்டுவிட்டால், எர்த் வழியே மின்சாரம் வெள்ளமாகப் பாய்ந்து ஃபியூஸைப் போக்கிவிடும். எர்த் இல்லையென்றால் கூடு 230 வோல்ட்டுடன் அமைதியாகக் காத்திருக்கும், யாராவது ஒருவர் ஈரக்கையோடு வரும்வரை. அது கம்ப்யூட்டராக இருக்கலாம், நம் ஆலயத்தின் மைக் பெட்டியாகவும் இருக்கலாம். சில கிராம ஆலயங்களில் மைக் என் உதட்டைச் சுண்டியதுண்டு. அதைப் பிரசங்கத்திலேயே வேடிக்கையாகச் சொல்லிச் சிரிக்கவும் வைத்திருக்கிறேன்.

எலக்ட்ரீசியன் பச்சைக் கம்பியைப் பின்பற்றிப் போனார். சுவிட்ச் போர்டில் இருந்தது, மீட்டர் பெட்டியில் இருந்தது, சுவரை விட்டு வெளியே வந்தது. முற்றத்தில் பேவர் பிளாக் கற்களுக்கு அடியில் போய் மறைந்தது. நான்கு கற்களைப் பெயர்த்தோம். கம்பி அங்கே வெட்டுண்டு கிடந்தது. முனை பச்சையாகக் களிம்பேறியிருந்தது. எர்த் குழி இருந்த இடத்தின்மேல் சமதளமாக மண் நிரப்பியிருந்தார்கள்.

அந்தக் கற்களைப் பதிக்க முன்நின்றவன் நான். மழைக்காலச் சேறு தீர்ந்தது என்று ஆண்டுவிழாவில் நீங்கள் எனக்குச் சால்வை போர்த்தினீர்கள். மண்வெட்டியால் கம்பி அறுபட்டபோது வேலையாள் என்னிடம் வந்து சொன்னாரா, நான்தான் "பிறகு பார்க்கலாம்" என்றேனா என்று பல நாள் யோசித்தேன். நினைவில்லை. நினைவில்லாதது எனக்கு ஆறுதலாக இல்லை. மூன்று ஆண்டுகளாக அந்த அலுவலகத்திலும் குருமனையிலும் எர்த் இல்லை. ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகள் தண்ணீர்க் குளிர்விப்பானைச் சுற்றி வெறுங்காலுடன் நின்றது அங்கேதான். நாங்கள் இருவரும் இரும்பைத் தொட்டுத் தொட்டு மண்ணுக்கு அனுப்பியதாக நினைத்ததும் எங்கும் போகவில்லை.

புதுக் குழி வெட்டினோம். எட்டடிக்கு மேல் நீளமுள்ள இரும்புக் குழாய், சுற்றிலும் அடுக்கடுக்காகக் கரியும் உப்பும். நம் மண் சித்திரை வைகாசியில் வறண்டுபோவதால், மேலே ஒரு சிறு தொட்டி கட்டி மூடி போட்டிருக்கிறோம். காய்ந்த மண் மின்சாரத்தை வாங்காது. கோடையில் அதில் தண்ணீர் ஊற்ற வேண்டும். ஆலயக் காவலர் ஐயா அதை ஏற்றுக்கொண்டிருக்கிறார். கூடவே மெயின் போர்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்றும் வைத்தோம். வழக்கமான எம்.சி.பி. வயரைக் காக்கும்; ஆளைக் காப்பது ஆர்.சி.சி.பி. போன மின்சாரம் முழுவதும் திரும்பி வருகிறதா என்று பார்த்துக்கொண்டேயிருந்து, குறைந்தால் நொடியின் சிறு பகுதியில் இணைப்பைத் துண்டித்துவிடும். உங்கள் வீட்டில் அது இருந்தால், அதிலுள்ள சோதனைப் பொத்தானை அவ்வப்போது அழுத்திப் பாருங்கள். இல்லையென்றால், அல்லது எதைத் தொட்டாலும் கூச்சம் தெரிந்தால், அலுவலகத்தில் உள்ள நோட்டில் பெயரை எழுதிவையுங்கள். அடுத்துவரும் சனிக்கிழமைகளில் எலக்ட்ரீசியனும் தம்பியும் நானும் வீடுகளுக்கு வருகிறோம்.

முதல் சனிக்கிழமை மேலூர் பக்கம் போனோம். அந்தத் தாயாரின் சமையலறைச் சாக்கெட்டில் மூன்று துளைகள் இருந்தன. எர்த் துளைக்குப் பின்னால் கம்பியே கிடையாது. கிரைண்டர் கூட்டின்மேல் டெஸ்டர் மங்கலாக அல்ல, பளிச்சென்று எரிந்தது. மோட்டார் வைண்டிங்கில் கசிவு. எலக்ட்ரீசியன் என்னைத் திரும்பிப் பார்த்தார், எதுவும் சொல்லவில்லை. நானே தாயாரிடம், "அம்மா, நீங்கள் அன்றைக்குச் சொன்னதை நான் கேட்டிருக்க வேண்டும்" என்றேன். "அதுக்கென்னங்கய்யா, நீங்க சொன்ன மாதிரி பலகை போட்டுத்தான ஆட்டுறேன்" என்றார் அவர், என்னைத் தேற்றுகிறவராக.

கிரைண்டர் மேலூரில் வைண்டிங் கடைக்குப் போய் வந்தது. கொல்லையில் குழி வெட்ட இரண்டு பகல் ஆயிற்று. அங்கே நாலடிக்குக் கீழே பாறை, கடப்பாரை துள்ளியது. இடம் மாற்றித் தோண்ட வேண்டியிருந்தது. எல்லாம் முடிந்து, மீட்டரில் பார்த்து, ஆர்.சி.சி.பி.யின் பொத்தானை இரண்டு முறை அழுத்திக் காட்டிய பின்பு, தாயார் அரிசியைப் போட்டு ஓடவிட்டார். புறங்கையால் கூட்டைத் தொட்டுப் பார்த்தார். பின்பு உள்ளங்கையை வைத்தார். தம்பி குனிந்து அவர் காலடியிலிருந்த பலகையை எடுக்கப் போனார்.

"இருக்கட்டும்ப்பா, பழகிப்போச்சு" என்றார் தாயார்.